அங்கீகாரம் கொடுத்த பிறகு யார் வந்து பார்க்கிறார்கள்?

மல்லாவியிலிருந்து ஓர் அண்ணை கேட்ட கேள்வி இது. மகள் உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். வவுனியாவா, கிளிநொச்சியா, இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. தம்பிக்கு ஒரு தொழிற்பயிற்சியும் தேடுகிறார்கள். எங்கே விசாரித்தாலும் "எங்கள் கற்கைநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறது" என்றுதான் பதில் வருகிறது. "அங்கீகாரம் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு வந்து பார்க்கிறார்களா? எதை வைத்துப் பார்க்கிறார்கள்? எங்களைப் போன்றவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?" இவைதான் அவர் கேட்டவை.

பார்க்கிறார்கள், அண்ணை. ஆனால் தினமும் பார்ப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். இடைப்பட்ட காலத்தில் அந்த நிறுவனமே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரம் நிற்பதும் சரிவதும் அந்த இடைக்காலத்தில்தான். ஆகவே "அங்கீகாரம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எப்போது பார்த்தார்கள், என்ன குறை சொன்னார்கள், அந்தக் குறைக்கு என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுக்கும் பக்கத்திலும், வேறு நிறுவனங்களுக்குப் பார்வையிடப் போகும் பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பிரித்துக்கொள்வோம். பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. இவற்றின் பட்டப் படிப்புகளை மீளாய்வு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் தர உறுதிப்பாட்டுச் சபை. பொறியியல் பட்டத்துக்கு இதற்கு மேல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரமும் வேண்டும். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. அறிவியல் நகரிலேயே 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்றவை அந்த வரிசையில் வரும். மூன்று அமைப்பும் மூன்று விதமாகப் பார்க்கின்றன. ஒன்றின் அங்கீகாரத்தைக் காட்டி மற்றதும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள்.

பல்கலைக்கழகப் பட்டத்தில் இருந்து தொடங்குகிறேன், உங்கள் மகளுக்கு அதுதான் தேவை.

மீளாய்வுக்குக் குறித்த காலம் வரும்போது பீடம் தன்னைப் பற்றி ஒரு சுய மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கையேடு எட்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது: கற்கைநெறியின் முகாமைத்துவம், ஆளணியும் வளங்களும், கற்கைநெறி வடிவமைப்பு, பாட அலகு வடிவமைப்பு, கற்பித்தலும் கற்றலும், கற்றல் சூழலும் மாணவருக்கான ஆதரவும், பரீட்சையும் பட்டம் வழங்கலும், கடைசியாகப் புத்தாக்கமும் நல்ல நடைமுறைகளும். ஒவ்வொன்றுக்கும் கீழே பல நியமங்கள். ஒவ்வொரு நியமத்துக்கும் பூச்சியத்திலிருந்து 3 வரை புள்ளி. அளவுகோலின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப நிறையிட்டுக் கூட்டினால் மொத்தம் 1000. நூற்றுக்கு 80 எடுத்தால் ஏ, 70க்கு பி, 60க்கு சி, அதற்குக் கீழே போனால் டி. கூட்டுத்தொகை மட்டும் நன்றாக இருந்தால் போதாது. ஏ எடுக்க எட்டு அளவுகோல்களிலும் குறைந்தபட்சப் புள்ளி எடுத்திருக்க வேண்டும். கட்டடத்தை அழகாகக் கட்டிவிட்டுப் பரீட்சையில் கோட்டை விட்டவர்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று காட்ட வேண்டும். "மாணவர் கருத்தைக் கேட்டுப் பாடத்தை மாற்றுகிறோம்" என்று எழுதினால், கருத்துக் கேட்ட படிவம், அதைத் தொகுத்த தாள், அதைப் பேசிய பீடச் சபைக் கூட்டக் குறிப்பு, மாற்றிய பாடத்திட்டம் என்று நாலும் கோப்பில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும். மூன்றாவதைத் தேட வேண்டிவரும். நாலாவதைக் காணவே முடியாமல் போவதும் உண்டு. மீளாய்வாளர்கள் பயிற்சி பெற்ற, வேறு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் மூத்த விரிவுரையாளர்களும்தான். வருமுன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக அறிக்கையை வாசித்துப் புள்ளி போட்டு வைத்திருப்பார்கள். பிறகுதான் கூடிப் பேசி, எதை நேரில் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு வருவார்கள்.

வந்தவுடன் அவர்கள் கேட்கும் ஒரு கோப்பைச் சொல்கிறேன். ஒரு பாட அலகை எடுங்கள். மூன்று கிரெடிட் பாடம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலக் கற்றல். ஆகவே மூன்று கிரெடிட் என்றால் 150 மணி. விரிவுரை, செய்முறை, ஒப்படை, வீட்டில் படிப்பது எல்லாம் சேர்ந்து. நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 90. பாடத்திட்டத்தில் இந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். மீளாய்வாளர் நேர அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். அந்தப் பாடத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வருகைதரு விரிவுரையாளர் எடுக்கிறார், பதினைந்து வாரத்தில் நடக்க வேண்டியது மூன்று சனி ஞாயிறில் முடிந்திருக்கிறது என்றால், கணக்கு தாளோடு நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்து வினாத்தாள். கேள்வி எழுதியவர் ஒருவர், அதைச் சரிபார்த்தவர் இன்னொருவர். சரிபார்த்தவர் என்ன குறிப்பு எழுதினார்? அந்தக் குறிப்புக்குப் பிறகு கேள்வி மாறியிருக்கிறதா? புள்ளியிடும் திட்டம் பரீட்சைக்கு முன்பே எழுதப்பட்டதா? விடைத்தாள்களில் கூடிய புள்ளி, நடுப்புள்ளி, குறைந்த புள்ளி எடுத்தவற்றைப் பார்த்து, இரண்டாவது பரீட்சகர் உண்மையில் வாசித்துத்தான் புள்ளி போட்டாரா என்று கவனிப்பார்கள். பெறுபேறு வந்த திகதியையும் பார்ப்பார்கள். முந்தைய அரையாண்டின் பெறுபேறு வருமுன் அடுத்த அரையாண்டுப் பரீட்சை வந்துவிட்டால் பிள்ளைக்குத் தன் குறை தெரியாமலே போய்விடும். வன்னிப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். அவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள். சரியாகப் போகிறோமா என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. பெறுபேற்றுத் தாள் ஒன்றுதான் அவர்களுக்கு வழிகாட்டி.

பிறகு மாணவர் சந்திப்பு. விரிவுரையாளர் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. என் அனுபவத்தில் மீளாய்வு முழுவதிலும் உண்மை அதிகம் வெளிவருகிற மணித்தியாலம் அதுதான். ஓரிடத்தில் ஆய்வுகூடப் பதிவேடு அருமையாக இருந்தது. உபகரணம், திகதி, குழு இலக்கம், கையொப்பம் எல்லாம் இருந்தன. ஆனால் மாதக் கணக்கான பதிவு முழுவதும் ஒரே மை, ஒரே சாய்வு. சந்திப்பில் ஒரு பிள்ளையிடம் அந்த உபகரணத்தைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டோம். "அது பெட்டியிலேயே இருக்கு சேர், திறக்கேல்லை" என்றாள். அவளைத் தூண்டவோ மிரட்டவோ தேவைப்படவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்கிறவர்தான் இல்லை. உங்கள் மகள் பல்கலைக்கழகம் போனபின் இப்படி ஒரு சந்திப்புக்கு அழைத்தால் கட்டாயம் போகச் சொல்லுங்கள். பீடச் சபையில் மாணவப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழு போனபின் வரைவு அறிக்கை பல்கலைக்கழகத்துக்கு வரும். தகவல் பிழை இருந்தால் திருத்தலாம், தீர்ப்பை மாற்றச் சொல்ல முடியாது. இறுதி அறிக்கை தர உறுதிப்பாட்டுச் சபையின் இணையத்தளத்தில் வெளியாகும். ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் யாரும் திறந்து வாசிக்கலாம். தரத்தோடு பாராட்டுகளும் பரிந்துரைகளும் அதில் இருக்கும். பரிந்துரைகளுக்குப் பல்கலைக்கழகம் ஒரு செயற்திட்டம் போட்டு, யார் எப்போது செய்வது என்று எழுதி, கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவைக்கும் நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவைக்கும் காட்ட வேண்டும். இதை முன்னெடுக்கத்தான் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தர உறுதிப்பாட்டு நிலையமும், பீடங்களில் அதற்கான அலகுகளும் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் என் கவலை. ஐந்து வருடச் சுற்றில் முதல் வருடம் செயற்திட்டம் போடுவதில் போகும். கடைசி வருடம் அடுத்த அறிக்கை எழுதுவதில் போகும். நடுவில் இருக்கிற காலத்தில் அந்த நிலையத்தில் இருக்கிற ஒருவர் இருவர் கையில்தான் எல்லாம். அவர்களும் விரிவுரையாளர்கள். தங்கள் பாடத்தையும் எடுத்து, இதையும் பார்க்க வேண்டும். பணிப்பாளர் மாறினால் கோப்பு ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்குப் போகும், அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒப்புக்கொண்ட பரிந்துரை இன்னும் "நடைமுறையில் உள்ளது" என்ற நிலையிலேயே கிடந்தால், அது சுரைக்காய்தான். நாடு சிறியது என்பதும் ஒரு சிக்கல். இன்று உங்களை மீளாய்வு செய்கிறவரின் துறையை நாளை நீங்கள் மீளாய்வு செய்ய நேரலாம். பெரும்பாலானோர் நேர்மையாகத்தான் செய்கிறார்கள் என்று மனதாரச் சொல்வேன். ஆனாலும் கடுமையான வாக்கியம் ஒன்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அமெரிக்காவில் பொறியியல், கணினிப் பட்டங்களைப் பார்க்கும் ஏபெட் அமைப்பு குறைகளை மூன்று படியாகப் பிரிக்கிறது. இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் நாளை பிழைக்கலாம் என்பது ஒன்று. நியமத்தைப் போதிய பலத்தோடு நிறைவேற்றவில்லை என்பது அடுத்தது. நியமத்தையே நிறைவேற்றவில்லை என்பது மூன்றாவது. முழு மீளாய்வு ஆறு வருடத்துக்கு ஒருமுறை. இரண்டாவது வகைக் குறை இருந்தால் ஆறு வருடம் காத்திருக்க விடமாட்டார்கள். இரண்டு வருடத்தில் இடைக்கால அறிக்கை கேட்பார்கள், அல்லது திரும்பவும் நேரில் வருவார்கள். மூன்றாவது வகை என்றால் அங்கீகாரத்தை ஏன் நீக்கக் கூடாது என்று காரணம் காட்ட வேண்டும். இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமும் இப்படித்தான்: நன்றாக இருந்தால் ஆறு வருடம், குறை இருந்தால் மூன்று வருடம், மூன்றின் முடிவில் குறை தீர்ந்ததைக் காட்டினால்தான் மிச்சம். குறையின் அளவுக்கு ஏற்ப அடுத்த பார்வையிடல் முன்னுக்கு வருகிற இந்த முறையை நம் பட்டப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் இறுக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரமும் காலவரையறை உள்ளது, ஒவ்வொரு பட்டத் துறைக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. சிவிலுக்கு இருப்பதால் கணினிக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2014இல் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அதனால் இங்கே அங்கீகாரம் பெற்ற பட்டத்தை அவுஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் கல்வித் தகைமையாக ஏற்கும். கண்காணிக்கிறவரையும் அங்கே கண்காணிக்கிறார்கள்: உறுப்பு அமைப்புகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று மீளாய்வு செய்கின்றன. பெற்றோர் பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. புதிதாகத் தொடங்கிய பட்டத்துக்கு, முதல் அணி படித்து முடிக்கும் கட்டம் வருமுன் இந்த அங்கீகாரம் கிடைக்காது. முடித்த பிள்ளைகள் என்ன செய்யக்கூடியவர்கள் என்பதுதான் பார்க்கப்படுகிறது, அதற்குப் பிள்ளைகள் முடிக்க வேண்டும். வன்னியில் பல படிப்புகள் புதியவை. புதிது என்பது வேறு, மறுக்கப்பட்டது என்பது வேறு. எந்த நிலையில் இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள், பொறியியலாளர் நிறுவனத்தின் பட்டியலிலும் பாருங்கள்.

தம்பிக்குத் தேடுகிற தொழிற்பயிற்சியில் ஏமாறுவது இன்னும் எளிது. மூன்றாம் நிலை ஆணைக்குழு முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்கிறது. பிறகு ஒவ்வொரு பாடநெறியையும் தனியாக அங்கீகரிக்கிறது. வாசலில் பதிவுச் சான்றிதழ் தொங்கும். நீங்கள் கேட்கிற வெல்டிங் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. படித்து முடித்தால் அந்த நிலையத்தின் சான்றிதழ் கிடைக்கும், தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்காது. மத்திய கிழக்கில் ஒரு வேலைக்கோ, இங்கே அடுத்த மட்டத்துக்கோ போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். தேசிய தொழிற் தகைமை 1 முதல் 7 வரை, 7 பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கும் மேலே போக வழி விட்டிருக்கிற ஏற்பாடு அது. அதைத் தவறவிடக் கூடாது.

அங்கே பார்வையிடப் போகிறவர்கள் தாளைவிடத் தளத்தைத்தான் கூடப் பார்ப்பார்கள். பாடநெறியின் தேசிய நியமத்தில் எழுதிய கருவிகள் இருக்கின்றனவா? இருபது பிள்ளைக்கு எத்தனை வெல்டிங் மேசை? வெல்டிங் குச்சியும் இரும்பும் வாங்கிய பற்றுச்சீட்டு எங்கே? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் மூலப்பொருள் வாங்காத நிலையத்தில் பிள்ளை கையால் வேலை பழகவில்லை என்பது நிச்சயம். போதனாசிரியருக்குத் தகைமை இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். கடைசி மதிப்பீட்டைப் படிப்பித்தவரே செய்துவிட முடியாது. ஆணைக்குழுவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வந்து, பிள்ளை செய்வதைக் கண்ணால் பார்த்து, தேர்ச்சி உண்டு அல்லது இன்னும் இல்லை என்று எழுத வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, பதிவு எதுவரை செல்லும் என்றும் பாருங்கள்.

கொழும்புத் தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பட்டம் என்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் தானே பட்டம் கொடுக்கிற நிறுவனம் என்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அதற்கு அதிகாரம் இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் சேரப்போகிற அந்தப் பட்டத்துக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், அந்தத் தாய்ப் பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிற ஒன்றா என்று பார்க்க வேண்டும். அது ஏற்கப்பட்டது என்பதால் கொழும்பு மாடி ஒன்றில் நடக்கிற வகுப்பும் சோதிக்கப்பட்டது என்று ஆகாது. அந்த வகுப்பை யார் எப்போது பார்த்தார்கள் என்று தனியாகக் கேளுங்கள். காணியை ஈடு வைத்துக் காசு கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பார்வையிடல் எல்லாம் கண் துடைப்பா என்று சிலர் கேட்பார்கள். 2025 பெப்ரவரியில் இந்தியாவில் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் பார்வையிடல் குழு ஒன்றின் தலைவரையும் உறுப்பினர்களையும் லஞ்சக் குற்றச்சாட்டில் சிபிஐ கைது செய்தது. அமெரிக்காவில் ஏசிஐசிஎஸ் என்ற அங்கீகார அமைப்பே தரமில்லாத கல்லூரிகளை விட்டுவைத்தது என்று சொல்லி 2022இல் கல்வித் திணைக்களம் அதன் அதிகாரத்தைப் பறித்தது. ஆக, ஒரு வருகையில், ஒரு குழுவில் மட்டும் தங்கியிருக்கிற முறை பலவீனமானதுதான். அதற்கு மருந்து பார்வையிடலை நிறுத்துவது அல்ல. அறிக்கையைப் பகிரங்கமாக்குவதும், இடைக்காலத் தரவை ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்குவதும்தான்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் விட்டார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்றையும் இதில் சேர்க்க வேண்டும். "வன்னி யுத்தத்தால் அழிந்த இடம், ஆள் வரமாட்டார்கள், வளம் இல்லை, எங்களைக் கொஞ்சம் விட்டுப் பார்க்க வேண்டும்" என்பார்கள். வளம் இல்லை என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. நிரந்தர விரிவுரையாளர் ஒருவரைப் பம்பைமடுவில் நிற்க வைப்பது கொழும்பில் நிற்க வைப்பதைவிடக் கடினம். ஆனால் நியமத்தைத் தளர்த்தினால் அந்தச் செலவை ஏற்பது நிறுவனம் அல்ல, பிள்ளை. நேர்முகப் பரீட்சையில் கொழும்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் அமரும்போது எங்கள் பிள்ளைக்கு யாரும் சலுகை தரப்போவதில்லை. மீளாய்வு அறிக்கையில் "ஆளணி போதாது" என்று எழுதப்படுவது நமக்கு அவமானம் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக் கூடாது. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதவி வெற்றிடங்களை நிரப்பச் சொல்லித் திறைசேரியிடம் கேட்க முடியும். குறையை மறைத்து பி எடுத்த பீடம் ஆள் கேட்டால், "உங்களுக்குத்தான் எல்லாம் நன்றாக இருக்கிறதே" என்று பதில் வரும்.

சரி, அண்ணை, இனி நீங்கள் செய்ய வேண்டியது. விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடுமுன் மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மகள் நினைத்திருக்கிற படிப்புகளின் யூனிகோட்களை, அதாவது எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்பதைக் குறிக்கும் குறியீடுகளை, குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மீளாய்வு அறிக்கையைத் தேடி எடுத்து, தரத்தைப் பார்த்த கையோடு மூடிவிடாமல், பரிந்துரைகள் இருக்கிற பக்கத்துக்குப் போங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கூட இருத்தி வாசியுங்கள், அது சில பக்கம்தான். புதிய படிப்பு என்பதால் அறிக்கை இல்லாவிட்டால் பீடாதிபதி அலுவலகத்துக்கு அழைத்து, நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர், பெறுபேறு எத்தனை மாதத்தில் வருகிறது, முதல் மீளாய்வு எப்போது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற இடத்தை வரிசையில் மேலே போடுங்கள்.